பழைய கோவா: தமிழ்ப் போதகர் காணத்தக்கவை

கோவாவின் தலைநகராகிய பனாஜிக்குக் கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில், மாண்டவி ஆற்றின் தென்கரையில் பழைய கோவா அமைந்துள்ளது. அதனை இன்று நகரம் என்று சொல்வது பொருந்தாது. பேராலயங்கள் சிலவும், இடிபாடுகள் சிலவும், அவற்றினிடையே புல்வெளிகளும் தென்னஞ்சோலைகளுமே உள்ளன; குடியிருப்புகள் மிகச் சில. ஆயினும் ஆப்பிரிக்காவின் கீழ்க்கரை முதல் சீனக் கடல் வரை பரவியிருந்த போர்ச்சுக்கீசிய ஆட்சிக்கு ஒரு காலத்தில் இதுவே தலைநகர். கீழ்த்திசைத் திருச்சபையின் நிர்வாகமும் இங்கிருந்தே நடைபெற்றது.

நம் பகுதிச் சபைகளிலிருந்து கோவாவுக்குச் சுற்றுலாச் செல்லும் குழுவினர் பெரும்பாலும் கடற்கரையில் பகற்பொழுதைக் கழித்துவிட்டு, திரும்பும் வழியில் ஒரு மணி நேரம் இங்கே இறங்குகின்றனர். சவேரியாரின் வெள்ளிப் பேழையை அண்ணாந்து பார்த்து, பேராலயத்தின் முன் நின்று படமெடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுகின்றனர். இறையியல் மாணவனுக்கும் போதகருக்கும் அது போதாது. தமிழ்க் கிறிஸ்தவர்களைப் பற்றிய சில பெரிய முடிவுகள், தமிழ்க் கிறிஸ்தவர் எவரையும் கேளாமலே, இந்நகரில் எடுக்கப்பட்டன. அவை எடுக்கப்பட்ட இடங்களோ, இன்று நிமிர்ந்து நிற்கும் ஆலயங்களல்ல. எனவே இந்நகரைக் காண விரும்புவோர் கண்ணுக்குப் புலப்படுவதை மட்டுமன்றி, புலப்படாமற் போனதையும் அறிந்து செல்ல வேண்டும்.

தருமபுரி மாவட்டத்தில் ஊழியம் புரிவோர், "கடலைக் காணாத நம் மண்ணுக்கும் போர்ச்சுக்கீசியருக்கும் என்ன தொடர்பு?" என்று வினவலாம். போர்ச்சுக்கீசியரின் கொடி இங்கு ஒருபோதும் பறந்ததில்லை என்பது உண்மையே. ஆனால் 17ஆம் நூற்றாண்டில் தருமபுரியையடுத்த கோவிலூர் முதலிய சிற்றூர்களுக்கு வந்த இயேசு சபைக் குருக்கள் மைசூர் மிஷனைச் சேர்ந்தவர்கள். லியோனார்தோ சின்னாமி என்னும் இத்தாலியர் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் சீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய அம்மிஷன், இயேசு சபையின் கோவா மாகாணத்திற்கு உட்பட்டது. தெற்கே இருந்த மதுரை மிஷனோ மலபார் மாகாணத்திற்கு உட்பட்டிருந்தது. ஆக, 1965ஆம் ஆண்டு வரை ஒன்றாயிருந்த பழைய சேலம் மாவட்டத்தின் நிலப்பரப்பில், தெற்கிலிருந்து ஒரு மிஷனும் வடமேற்கிலிருந்து மற்றொரு மிஷனும் வந்து சேர்ந்தன. கோவிலூர்க் குருவானவருக்கு மேலதிகாரி யாரெனக் கேட்டால், விடை கோவாவில்தான் இருந்தது. மதத்தை விடுத்து வீட்டைப் பார்த்தாலும், ஜன்னல், மேசை, சாவி, அலமாரி என நாள்தோறும் நம் நாவில் வழங்கும் சொற்கள் போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்தவையே. பாதிரியார் என்பதும் அவ்வாறே. கொடி வராத இடத்துக்கும் சொல் வந்து சேர்ந்திருக்கிறது.

நகரைக் காணத் தொடங்குவதற்குத் தகுந்த இடம் ஆற்றங்கரையே; அக்காலத்தில் யாவரும் கப்பலிலிருந்து அங்கேதான் இறங்கினர். பீஜப்பூர் அடில்ஷாவின் துறைமுகமாயிருந்த இவ்வூரை அல்போன்சோ டி அல்புகர்க் 1510ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் கைப்பற்றினார். 1530இல் இது போர்ச்சுக்கீசிய இந்தியாவின் தலைநகராயிற்று. 1534இல் மறைமாவட்டமாகவும், 1557இல் பேராயரின் ஆசனமாகவும் உயர்த்தப்பட்டது. கரையிலிருந்து ஊருக்குள் செல்லும் வழியில் வைசிராய் வளைவு நிற்கிறது. வாஸ்கோ ட காமாவின் வழித்தோன்றலாகிய பிரான்சிஸ்கோ ட காமா தம் முன்னோரின் நினைவாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை எழுப்பினார். புதிதாக வரும் ஒவ்வொரு வைசிராயும் இவ்வளைவின் கீழ் நடந்தே பொறுப்பேற்கச் சென்றார். ஆற்றை நோக்கிய பக்கத்தில் வாஸ்கோ ட காமாவின் உருவம் உள்ளது. ஊரை நோக்கிய பக்கத்தில், கீழ்த்திசை உடையணிந்து வீழ்ந்து கிடக்கும் ஒருவன்மீது காலூன்றி நிற்கும் ஒரு பெண்ணின் உருவம் உள்ளது. வந்திறங்கியவர்களுக்கு ஒன்றையும், ஊரில் வாழ்ந்தவர்களுக்கு மற்றொன்றையும் காட்டுமாறு இது அமைந்துவிட்டது. மிஷன் வரலாற்றைக் கற்பிப்போர் தம் மாணவர்களை இவ்வளைவின் உட்பக்கத்தில் சிறிது நேரம் நிறுத்திவைப்பது நல்லது.

இந்நகரில் அரசும் திருச்சபையும் பிரிக்கவொண்ணாதவாறு பிணைந்திருந்ததற்குக் காரணம் 'பத்ரோவாதோ' எனப்பட்ட ஏற்பாடாகும். கீழ்த்திசையில் ஆயர்களைத் தெரிந்தெடுக்கும் உரிமையைப் போப்பரசர்கள் போர்ச்சுக்கல் மன்னருக்கு அளித்தனர்; அதற்கு ஈடாக ஆலயங்களைக் கட்டுவதும், குருக்களைக் கப்பலேற்றி அனுப்பி அவர்களைப் பராமரிப்பதும் மன்னரின் கடமையாயிற்று. அரசனின் பணத்தில் வளரும் சபை அரசனின் வாளையும் சுமந்தாக வேண்டியிருந்தது. 1540ஆம் ஆண்டையொட்டி, கோவாத் தீவிலிருந்த இந்துக் கோயில்கள் அரசாணையின்படி இடிக்கப்பட்டன. 1684இல் கொங்கணி மொழியையே வழக்கொழிக்குமாறு ஆணை பிறந்தது. இங்குள்ள ஆலயங்களின் அழகில் ஈடுபடும் எவரும் இவ்வாணைகளை மறந்துவிட்டு அவற்றைப் பார்த்தல் தகாது.

வளைவைக் கடந்து உள்ளே வந்தால் இடப்புறம் புனித கஜேதான் ஆலயமும், வலப்புறம் சற்றுத் தள்ளி, பேராலயமாகிய சே கதீட்ரலும் தோன்றும். பேராலயம் 1562இல் தொடங்கப்பெற்று 1619இல் கட்டிமுடிக்கப்பட்டது. அதன் இரு மணிக்கோபுரங்களுள் ஒன்று 1776இல் இடிந்து வீழ்ந்தது. மற்றொன்று மட்டும் தனித்து நிற்பதால் முகப்பு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது போன்ற தோற்றம் தருகிறது. ஆயினும் பேராலயத்தின் முன்னுள்ள வெளியையே நாம் முதலாவது பார்க்க வேண்டும். அங்கேதான் மக்கள் 'ஓர்லெம் கோர்', அதாவது பெரிய வீடு, என்றழைத்த சமய விசாரணை மன்றம் நின்றது. வீட்டின் பெயரைச் சொல்லவே அஞ்சியவர்கள் இட்ட பெயர் அது.

இன்குவிசிஷன் எனப்பட்ட இம்மன்றம் 1560இல் ஏற்படுத்தப்பட்டு, 1774 முதல் 1778 வரை நான்காண்டுகள் நீங்கலாக, 1812 வரை நீடித்தது. இதனைக் கோவாவில் நிறுவ வேண்டுமென்று 1546இலேயே மன்னருக்கு எழுதியவர்களுள் சவேரியாரும் ஒருவர். வெளிப்படையாகக் கிறிஸ்தவர்களாகி, மறைவில் யூத ஒழுக்கத்தைக் கைக்கொண்டதாகக் கருதப்பட்ட 'புதுக் கிறிஸ்தவர்களை' நோக்கியே அது முதலில் தொடங்கியது. நாளடைவில், இந்து சமயத்திலிருந்து ஞானஸ்நானம் பெற்ற எளிய மக்களே அதன் கையில் மிகுதியாய்ச் சிக்கினர். பழைய வழக்கப்படி ஒரு சடங்கைச் செய்ததும், ஓர் உணவை விலக்கியதும்கூடக் குற்றங்களாயின. 1774க்கு முன் நடைபெற்ற வழக்குகள் மட்டும் 16,000க்கு மேற்பட்டவை. இந்திய மூலிகைகளைப் பற்றி 1563இல் இந்நகரிலேயே நூல் அச்சிட்ட மருத்துவர் கார்சியா ட ஓர்த்தா, உயிரோடிருந்தவரை தப்பினார். அவர் இறந்தபின், 1580இல், அவருடைய எலும்புகள் தோண்டியெடுக்கப்பட்டு எரிக்கப்பட்டன.

பிரெஞ்சு மருத்துவராகிய சார்ல்ஸ் தெலோன் இங்கே 1674 முதல் சிறையிலிருந்து, தாயகம் திரும்பியபின் 1687இல் வெளியிட்ட நூல் ஐரோப்பாவெங்கும் வாசிக்கப்பட்டது. புரொட்டஸ்டண்டு வாசகர்களுக்கு அதனினும் நெருக்கமானவர் கிளாடியஸ் புக்கானன். கல்கத்தாவில் ஆங்கிலத் திருச்சபைக் குருவாயிருந்த இவர் 1808ஆம் ஆண்டு சனவரியில் கோவாவுக்கு வந்து, விசாரணை அதிகாரி ஒருவரின் விருந்தினராகவே தங்கி, தெலோனின் நூலை அவர் கையிற் கொடுத்து, அதிலுள்ளவை மெய்யா என்று கேட்டார். சிறையறைகளைக் காட்டுமாறும் வேண்டினார். அவை அவருக்குக் காட்டப்படவில்லை. அவர் எழுதியவை இங்கிலாந்தில் பெரும் பரபரப்பை விளைவித்தன. மன்றம் எடுபட்ட சில ஆண்டுகளில் கட்டடமும் இடிக்கப்பட்டது. இன்று அவ்விடத்தில் ஒரு சுவர்கூட இல்லை. பயணிகள் அங்குள்ள மர நிழலில் அமர்ந்து உணவுப் பொட்டலங்களை அவிழ்க்கின்றனர்.

புக்கானனின் எழுத்தை நம் முன்னோர் நூறாண்டுகளுக்கு மேலாகக் கத்தோலிக்கருக்கு எதிரான வாதங்களில் எடுத்தாண்டு வந்தனர். அவர் கூறியவை பொய்யல்ல. ஆனால் நமக்கு வசதியான பகுதியோடு வரலாறு நின்றுவிடுவதில்லை. இதனைப் பின்னர் வேறோர் இடிபாட்டின் முன் நின்று காண்போம்.

பேராலயத்துக்கும் அசிசியின் பிரான்சிஸ் ஆலயத்துக்கும் இடையில், இரண்டையும் ஒட்டினாற்போல் பழைய பேராயர் இல்லம் உள்ளது. எளிய கட்டடமாதலால் பயணிகள் பெரும்பாலும் அதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தமிழ் இறையியல் மாணவன் நின்று எண்ண வேண்டிய இடம் இதுவேயாகும். ஏனெனில் பேராயர் கிறிஸ்தோவாம் தெ சா தலைமையில் 1619ஆம் ஆண்டு பிப்ரவரியில் இந்நகரில் கூடிய ஆலோசனைச் சபையில், தமிழ்நாட்டுக் கிறிஸ்தவன் ஒருவன் குடுமி வைக்கலாமா, பூணூல் அணியலாமா, நெற்றியிற் சந்தனம் பூசலாமா, நீராடும் வழக்கத்தைத் தொடரலாமா என்பன வழக்காடப்பட்டன.

வழக்கின் நாயகர் ராபர்ட் தெ நோபிலி. 1605இல் கோவாவில் இறங்கி, 1606இல் மதுரையை அடைந்த இந்த இத்தாலியர் அங்கே கண்டது யாது? கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் போர்ச்சுக்கீசியக் குரு பல்லாண்டுகளாக மதுரையில் உழைத்தும், அந்நகரத்தார் எவரையும் சபைக்குள் கொணரக் கூடவில்லை. கிறிஸ்தவனாதல் என்பது 'பரங்கி' ஆதல் என்றே மக்கள் கருதினர். பரங்கியோ மாட்டிறைச்சி உண்டு, மது அருந்தி, எவருடனும் கலப்பவன். நோபிலி காவி உடுத்து, புலால் நீக்கி, சமஸ்கிருதமும் தமிழும் பயின்று, தாம் பரங்கி அல்லர் என்று அறிவித்தார். பெர்னாண்டஸ் மேலிடத்துக்கு முறையிட்டார். செய்தி திரிந்து ஐரோப்பா சென்றது. புரொட்டஸ்டண்டு சீர்திருத்தத்திற்கு எதிராக வாதிட்டுப் புகழ்பெற்ற கர்தினால் பெல்லார்மின், உறவினராகிய நோபிலி விசுவாசத்தையே விட்டுவிட்டார் போலும் என்று மனங்கலங்கினார் என்பது திருச்சபை வரலாற்றின் சுவையான நிகழ்ச்சிகளுள் ஒன்று.

கோவாவில் கூடியிருந்தோரில் பெரும்பாலோர் நோபிலிக்கு எதிராகவே பேசினர். பேராயரும் அவர்கள் பக்கமே. எவரும் எதிர்பாராத வகையில், விசாரணை மன்றத்தின் அதிகாரிகளுள் ஒருவராகிய அல்மெய்தா நோபிலியை ஆதரித்தார். கிராங்கனூர்ப் பேராயர் பிரான்சிஸ்கோ ரோசும் அவருக்குத் துணைநின்றார். முடிவு உரோமாபுரிக்கு விடப்பட்டது. 1623ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் போப்பரசர் 15ஆம் கிரகோரியார் தீர்ப்பளித்தார்: பூணூலும் குடுமியும் சந்தனமும் சமய அடையாளங்கள் அல்ல, குலத்தின் சமூக அடையாளங்களே; மூடநம்பிக்கைக்கு இடமின்றி அவற்றை மதம் மாறியோர் தொடரலாம். அவ்வாண்டிலேயே நோபிலி மதுரையைவிட்டு வடக்கே புறப்பட்டு, திருச்சிராப்பள்ளி வழியாகச் சேந்தமங்கலத்தையும் சேலத்தையும் வந்தடைந்தார். நம் பகுதிக்குக் கிறிஸ்தவம் முதன்முதலில் வந்தது கோவாவில் வாதிட்டு வென்ற இவ்வடிவத்திலேயே என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும். பின்னர் மைசூர் மிஷனின் சின்னாமி சந்நியாசிக் கோலம் பூண்டதும் இதே வழியைப் பின்பற்றியே.

இத்தீர்ப்பைப் பண்பாட்டு உணர்வுக்குக் கிடைத்த வெற்றி என்று நம் வகுப்பறைகளில் பலர் போற்றுவர். அஃது ஒருபுறம் மெய்யே. தமிழன் கிறிஸ்தவனாவதற்குப் பரங்கியாக வேண்டியதில்லை என்னும் கொள்கை இன்றும் நமக்குத் தேவையானதே. ஆனால் 'குலத்தின் சமூக அடையாளம்' என்னும் சொற்றொடர் எளிதில் கடந்துபோகத்தக்கதன்று. பூணூல் சமயச் சின்னமன்று, சமூகச் சின்னமே என்றால், அச்சமூக வேறுபாட்டையும் சபைக்குள் அனுமதிக்கலாம் என்றாகிறது. நடந்ததும் அதுவே. 1640 முதல், பல்த்தசார் ட கோஸ்தா முதலியோர் பண்டாரசாமிகள் என்னும் வேறொரு கோலத்தில் பிற சாதியாரிடையே பணியாற்றினர். பிராமண சந்நியாசியாக வாழ்ந்த குரு ஒடுக்கப்பட்டோரின் வீட்டுக்கு வெளிப்படையாகச் செல்ல இயலவில்லை. ஒரே கர்த்தர், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம். குருக்களோ இரு வகை. கோவாவில் கூடிய அறிஞர் பெருமக்களுள் எவரேனும், 'சேரியிலிருந்து வரும் கிறிஸ்தவன் இதைப்பற்றி என்ன கருதுவான்?' என்று கேட்டிருப்பரா? அவ்வாதங்களில் அக்குரலுக்கு இடமிருந்ததாகத் தெரியவில்லை.

புரொட்டஸ்டண்டு சபைகள் இதில் கைகழுவிவிட இயலாது. தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயத்தில் சாதிவாரியாக இருக்கைகள் பிரிக்கப்பட்டிருந்தன. வேளாளரான ஆரோன் 1733இல் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். தஞ்சைப் பகுதியில் அரும்பணி ஆற்றிய இராசநாயக்கன் ஒடுக்கப்பட்ட குலத்தவர் என்பதால் அவருக்குப் போதகர் பட்டம் அளிக்க மிஷனரிகள் தயங்கி விட்டுவிட்டனர். கல்கத்தாப் பேராயர் டானியேல் வில்சன் 1833இல் சபையிலிருந்து சாதியை அறவே நீக்க ஆணையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சையிலும் எழுந்த கலகம் யாவரும் அறிந்ததே. கோவாவின் கேள்வி நம் உடன்படிக்கைப் பந்தியிலும் எழுந்த கேள்விதான்.

இனி, போம் ஜேசு ஆலயம். இதனைப்பற்றிச் சுற்றுலா நூல்கள் யாவும் விரிவாகப் பேசுவதால் சுருக்கமாய்ச் சொல்வோம். 1594இல் தொடங்கப்பெற்று 1605இல் அபிஷேகம் செய்யப்பட்ட இவ்வாலயத்தின் வெளிச்சுவர்கள், சுண்ணாம்புப் பூச்சு நீக்கப்பட்டு, செந்நிறக் கற்கள் தோன்ற நிற்கின்றன. 1552ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் சீனத்தின் சான்சியான் தீவில் இறந்த சவேரியாரின் உடல் மலாக்கா வழியாக 1554இல் கோவாவுக்கு வந்தது. கோவாப் பொற்கொல்லர்கள் செய்த வெள்ளிப் பேழை 1637ஆம் ஆண்டினது; அதனைத் தாங்கும் சலவைக்கல் மேடை, தஸ்கனிப் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோ அனுப்பியது, 1698இல் நிறுவப்பெற்றது. பத்தாண்டுகளுக்கு ஒருமுறை உடல் மக்கள் காணக் கீழிறக்கப்படுகிறது. இறுதியாக 2024 நவம்பர் முதல் 2025 சனவரி வரை அவ்வாறு நடந்தது. திருப்பண்டங்களைப் போற்றுதல் நம் மரபன்று. எனினும் நம் மாணவர்கள் இங்கே ஏளனப் பார்வையோடு நிற்பது முறையன்று. முத்துக்குளித்துறையின் பரதவர் சிற்றூர்களில் மணியடித்துக்கொண்டு நடந்து, அரைகுறைத் தமிழில் மனப்பாடம் செய்த விசுவாசப் பிரமாணத்தைச் சிறுவர்க்குக் கற்பித்த மனிதரின் உடல் இது. விசாரணை மன்றத்தை வேண்டிக் கடிதம் எழுதிய கையும் இவருடையதே. வலது கை 1614இல் உரோமாபுரிக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

அங்கிருந்து மேற்கே புனித மலையின்மீது ஏறினால், 1602இல் எழுப்பப்பட்ட அகுஸ்தீன் ஆலயத்தின் 46 மீட்டர் உயரமான கோபுரம் உடைந்து நிற்பதைக் காணலாம். போர்ச்சுக்கல் அரசு துறவற சபைகளை ஒழித்ததையடுத்து 1835இல் துறவிகள் வெளியேற்றப்பட்டனர்; 1842இல் கூரை வளைவு இடிந்தது; 1931இல் முகப்பும் வீழ்ந்தது. பாரசீகத்தில் 1624இல் இரத்தசாட்சியாய் மரித்த ஜார்ஜியா நாட்டு அரசி கேத்தவானின் எலும்புகள் இங்கே புதைக்கப்பட்டிருந்தன என்று ஏடுகள் கூறின. அகழாய்வில் கிடைத்த எலும்பை ஐதராபாத் ஆய்வகம் மரபணுச் சோதனையால் உறுதிப்படுத்த, 2021இல் அது ஜார்ஜியாவிடம் அளிக்கப்பட்டது. ஆலயம் சரிந்தபின் எஞ்சிய ஓர் எலும்பு இரண்டு நாடுகளைப் பேசவைத்தது. இம்மலையின் விளிம்பிலுள்ள செபமாலை அன்னை ஆலயம் இந்நகரில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஆலயங்களுள் ஒன்று. அங்கிருந்து பார்த்தால் ஆறும் எதிர்க்கரைத் தீவும் நன்கு தோன்றும். வெயில் தாழ்ந்தபின் செல்வது நலம்.

மற்றொரு குன்றின்மீது, பயணிகள் பெரும்பாலும் ஏறிப் பாராத ஓர் இடிபாடு உள்ளது. அற்புதச் சிலுவை ஆலயம் என்பது அதன் பெயர். கோவாக் குருக்களே சேர்ந்து நடத்திய ஓரட்டரி சபையின் இல்லம் அதனருகில் இருந்தது. அச்சபையை உருவாக்கி வளர்த்த ஜோசப் வாஸ், கோவாவைச் சேர்ந்த பிராமணக் குலத்தவர், 1651இல் பிறந்தவர். 1658 முதல் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து, குருக்களை விரட்டினர். அரசுப் பதவியோ சலுகையோ வேண்டியோர் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற வேண்டியதாயிற்று. குருவின்றித் தவித்த தமிழ்க் கத்தோலிக்கரிடம் வாஸ் 1687இல் கூலியாள் வேடத்தில் சென்று சேர்ந்து, தமிழ் கற்று, இரவுகளில் இரகசியமாய்ச் சாக்கிரமந்து அளித்தார். பின்னர் கண்டிக்குச் சென்று 1711இல் அங்கே இறந்தார். 2015இல் உரோமைத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவரை வேட்டையாடியோர் கால்வினின் சீடர்கள். நம் சீர்திருத்த மரபின் முன்னோர்கள்.

இதே காலத்தவரான வேறொருவரையும் அருகில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். ஜோவாம் பெரைரா தெ அல்மெய்தா 1628இல் போர்ச்சுக்கலில் பிறந்து, 14 வயதில் மலாக்காவில் சீர்திருத்தச் சபையைத் தழுவினார். போதகராக அபிஷேகம் பெற்று இலங்கையிலும், சில காலம் தூத்துக்குடியிலும் ஊழியம் செய்தார். 1661இல் கோவாவின் விசாரணை மன்றம் அவரைப் பிடிக்க இயலாமல், அவருடைய உருவத்தைச் செய்து எரித்தது. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1681இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. போர்ச்சுக்கீசிய மொழியில் முழுப் புதிய ஏற்பாடு அச்சில் வந்தது அதுவே முதன்முறை. சீகன்பால்குவும் அவர்தம் தோழரும் தமிழோடு போர்ச்சுக்கீசிய மொழியிலும் பிரசங்கித்தனர்; தரங்கம்பாடியில் போர்ச்சுக்கீசியச் சபை ஒன்று இருந்தது; அல்மெய்தாவின் பழைய ஏற்பாட்டுப் பகுதிகள் பிற்காலத்தில் தரங்கம்பாடி அச்சகத்திலேயே வெளிவந்தன. இலங்கையில் வாஸ் ஒளிந்து வாழ்ந்தார். கோவாவில் அல்மெய்தாவின் உருவம் எரிந்தது. இரண்டையும் ஒருங்கே கூறாத திருச்சபை வரலாற்றுப் பாடம் பாதிப் பாடமே.

இறுதியாக, பொண்டா செல்லும் சாலையில் கிழக்கே சிறிது தூரம் நடந்தால், தனியே நிற்கும் ஒரு வாயில் தென்படும். கற்றூண்கள் இரண்டும் மேலே ஒரு சிலுவையும் தவிர வேறொன்றுமில்லை. அதற்குப்பின் புதர்கள். ஆசியாவின் பெருங்கல்விக்கூடமாக விளங்கிய புனித பவுல் கல்லூரியில் எஞ்சியது இவ்வளவே. நோய்களால் நகர் வெறுமையானபோது முதலில் கைவிடப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று. 1542இல் வந்த சவேரியார் இங்கே தங்கினார். 1546இல் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் இங்கிருந்தே முத்துக்குளித்துறைக்குப் புறப்பட்டார். தமிழர் அவரை அண்டிறிக்கிப் பாதிரியார் என்றழைத்தனர். யூத வம்சத்தவர் என்பதால் பிரான்சிஸ்கு சபை அவரை விலக்கிவிட்டிருந்தது. இவ்வூரின் விசாரணை மன்றம் எவரைத் தேடிற்றோ அவர்களின் இரத்தமே அவர் உடலிலும் ஓடியது. அவரே தமிழுக்கு இலக்கணமும் அகராதியும் தேடி உழைத்து, தமிழ் அச்சுக்குத் தந்தையானார்.

1556இல் கோவாவுக்கு வந்திறங்கிய அச்சுப்பொறி இந்தியாவின் முதல் அச்சுப்பொறியாகும். ஸ்பானியரான ஜோவாம் கொன்சால்வஸ் என்னும் இயேசு சபைச் சகோதரர் 1577இல் இந்நகரிலேயே தமிழ் எழுத்துகளை ஈயத்தில் வார்த்தார். கொல்லத்தைச் சேர்ந்த பிராமணரும், இயேசு சபையிற் சேர்க்கப்பட்ட முதல் இந்தியருமாகிய பெரோ லூயிஸ் அவருக்கு எழுத்தின் வடிவத்தைக் காட்டி உதவினார். அவருக்குப்பின் நெடுங்காலம் அச்சபையின் கதவு இந்தியருக்குத் திறக்கப்படவில்லை. இந்திய எழுத்தொன்றை வார்த்தெடுக்க இந்தியனின் கண் வேண்டியிருந்தது; குருவாவதற்கு மட்டும் அவன் தகுதியற்றவனானான். கோவாவில் வார்த்த எழுத்துகள் போதிய திருத்தமாய் அமையாமையால், 1578இல் கொல்லத்தில் ஜோவாம் தெ பாரியா புதியதொரு தொகுதியை வார்த்தார். அதைக்கொண்டு அச்சான 16 பக்க நூலே 'தம்பிரான் வணக்கம்'. கோவா எழுத்து, கொல்லம் எழுத்து ஆகிய இரண்டின் மாதிரிகளும் அந்நூலின் இறுதியில் ஆண்டுகளோடு அச்சிடப்பட்டுள்ளன. மறு ஆண்டில் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது; 1586இல் புன்னைக்காயலில் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல் வெளிவந்தது.

இச்சிறு வெளியீடுகளில்தான் தேவன், விசுவாசம், பாவம், மன்னிப்பு ஆகியவற்றை அச்செழுத்தில் தமிழாக்கும் முயற்சி முதன்முதல் நடந்தது. சீகன்பால்கு தம் புதிய ஏற்பாட்டை 1715இல் முடிக்குமுன் கத்தோலிக்கரின் தமிழ் நூல்களைத் தேடி வாசித்தவர். நம் வேதாகமத் தமிழின் வேர்களில் சில இவ்வாயிலைக் கடந்தே வந்தன. தமிழெழுத்து முதன்முதலாக உலோகத்தில் உருப்பெற்ற நகர் இதுவென்று பயணிக்கு உரைக்கும் பலகை எதுவும் இவ்வாயிலருகே கண்ணிற் படுவதில்லை. அவ்வெழுத்துகளும் எஞ்சவில்லை. அவை பதித்த தடத்தைக் காண விரும்புவோர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்திற்குச் செல்ல வேண்டும். 'தம்பிரான் வணக்க'த்தின் படி அங்கேதான் உள்ளது.